கான்க்ரீட் சுவத்துல ஃப்ரேம் அடிக்காம ட்ரைவாலை (ஜிப்சம் போர்டு), போர்டு இடுக்கை அடைக்கற ஜாயின்ட் காம்பவுண்ட் வச்சே ஒட்டலாமா?

ஒட்டலாம், ஆனா வாளியில ரெடிமேடா வர்ற காம்பவுண்ட் வேண்டாம். அது தண்ணி ஆவியானாதான் இறுகும், போர்டுக்கும் கான்க்ரீட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டா காத்து எங்கேர்ந்து வரும், ரொம்ப நாள் ஈரமாவே கெடக்கும். மூட்டையில பவுடரா வர்ற செட்டிங் டைப்தான் வேணும். அது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சமாச்சாரம், தண்ணியோட ரியாக்ட் ஆகி தானா இறுகிடும். மூட்டை மேல 45, 90ன்னு போட்டிருக்கறது சுமாரா எத்தன நிமிஷத்துல செட் ஆகும்ங்கிற கணக்கு, இதுக்கு 90 எடுங்க, இல்லன்னா போர்டை லெவல் பாக்கறதுக்குள்ள கையில கல்லாயிடும். ஈஸியா தேய்க்கலாம்னு விக்கற லைட்வெயிட் வகையில பிடிமானம் கம்மி, அது வேண்டாம்.

பிரிட்டன்ல இந்த மாதிரி ஒட்டறது சர்வசாதாரணம், டாட் அண்ட் டாப் (dot and dab)னு சொல்லுவாங்க, அதுக்குன்னே ஜிப்சம் பசையும் விக்கறாங்க, கெடச்சா அதையே வாங்கிடுங்க. சுவத்துல பெயின்ட், எண்ணெய், தூசி எதுவும் இருக்கக் கூடாது, ஏன்னா பசை பெயின்ட்டைப் பிடிச்சுக்கும், பெயின்ட் சுவத்த விட்டுடும். ரொம்ப வழவழன்னு இருந்தா, பசை பிடிக்கறதுக்காக அடிக்கற பாண்டிங் ப்ரைமர் ஒரு கோட். அப்புறம் பசையை கட்டி கட்டியா வச்சு, போர்டை நீளமான மட்டக்கட்டையால தட்டித் தட்டி உக்கார வைங்க, அடியில 10 மிமீ இடைவெளி விட்டு.

பேஸ்மென்ட் வெளிச்சுவர்னா நான் பண்ணவே மாட்டேன். மண்ணோட ஈரம் கான்க்ரீட் வழியா வந்துக்கிட்டே இருக்கும், ஜிப்சம் ஊறிப்போகும், போர்டு மேல இருக்கற பேப்பர்ல பூஞ்சை பிடிக்கும். சந்தேகமா இருந்தா சுவத்துல ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் சுவரைப் பாத்த பக்கம் வேர்த்திருக்கான்னு பாருங்க, வேர்த்திருந்தா சுவத்துலேர்ந்து ஈரம் வருதுன்னு அர்த்தம்.