கைக்குழந்தையோட ஜெய்சால்மர் பாலைவனத்துக்கு கார்ல போகலாமா?

காரைக்குடி பக்கத்துல பள்ளத்தூர்லேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டுருக்காங்க: "பெரியவனுக்கு 5 வயசு, பாப்பாவுக்கு 14 மாசம். அரையாண்டு லீவுல நம்ம கார்லயே ஜெய்சால்மர் போயி மணல்மேடு, ஒட்டகமெல்லாம் காட்டிட்டு வரலாம்னு அவுக முடிவு பண்ணிட்டாக. 68 வயசுல எங்க அப்பத்தாவும் கூட வராக. புள்ளைகளுக்கு வெயில் தாங்குமா டாக்டர், என்னென்ன எடுத்து வைக்கணும், இல்ல போகவே கூடாதா?"

தாராளமா போங்க தங்கச்சி. ஆனா காரைக்குடியிலேர்ந்து ஓட்டிக்கிட்டு மட்டும் போகாதீங்க. குழந்தை டாக்டரா இத நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன்.

கணக்கப் பாருங்க. திருச்சி, பெங்களூரு, ஹூப்ளி, புனே, சூரத், அகமதாபாத், ஜோத்பூர்னு போனா ஒரு பக்கத்துக்கே 2,600 கிலோமீட்டருக்கு மேல வருது. 14 மாசக் குழந்தைய வச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர் ஓட்டுறதே அதிகம், ஏன்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நிறுத்தி சீட்லேர்ந்து தூக்கி, கால நீட்ட விட்டு, பால் குடுத்து, டயப்பர் மாத்தி மறுபடி உக்கார வைக்கணும். அந்த வேகத்துல போறதுக்கே ஒம்பது நாள். அரையாண்டு லீவு மொத்தமே அவ்வளவுதான். அவுக ராத்திரியும் சேத்து ஓட்டிரலாம்னு சொல்வாக, அதான் எனக்கு பயம். தூக்கக் கலக்கத்துல ஓட்டுறது குடிச்சிட்டு ஓட்டுறதுக்குச் சமானம், ராஜஸ்தான் ரோட்டுல ராத்திரி மாடு, ஒட்டகமெல்லாம் குறுக்க வரும்.

அதுக்குப் பதிலா ஜோத்பூர் வரைக்கும் வேற வழியில போயி அங்கேர்ந்து கார் எடுங்க. மன்னார்குடியிலேர்ந்து ஜோத்பூர ஒட்டின பகத் கி கோட்டிக்கு வாரம் ஒருதரம் ரயில் இருக்கு, ரெண்டு நாளுக்கு மேல ஆகும், ஆனா புள்ளைக எந்திரிச்சு நடக்கலாம், படுக்கலாம், அப்பத்தாவுக்கும் கால் வீங்காது. வார ரயிலுங்கறதால ரெண்டு பக்கமும் உங்க லீவுக்குப் பொருந்தாது, அதனால போகும்போது ரயில், வரும்போது அகமதாபாத்லேர்ந்து சென்னைக்கு ஃப்ளைட்னு வச்சுக்கங்க. ஜோத்பூர்லேர்ந்து ஜெய்சால்மர் 280 கிலோமீட்டர் சொச்சம். காலைல கிளம்பி பொக்ரான்ல மதியச் சாப்பாடு (1974லயும் 1998லயும் அணுகுண்டு சோதனை நடந்த அதே பொக்ரான்தான், பெரியவனுக்குச் சொல்லுங்க), கொஞ்சம் தூங்கிட்டு மிச்சம் 110 கிலோமீட்டர சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாம். ரோட் ட்ரிப் ஆசைக்கு இந்த ரோடு போதும், ரெண்டு பக்கமும் வெட்டவெளி, நாம போற பாதைன்னு நெஞ்சு நெறையும்.

இப்ப வெயில் விஷயம். நீங்க வெயிலப் பத்திக் கேட்டுருக்கீங்க, ஆனா டிசம்பர் கடைசியில அங்க உங்க புள்ளைகளுக்கு மொதல் எதிரி குளிர்தான். பகல்ல 25 டிகிரி பக்கம் இருக்கும், பொழுது சாஞ்சதும் மளமளன்னு இறங்கி ராத்திரி 10 டிகிரிக்குக் கீழ போயிரும். மணலும் காஞ்சது, காத்துலயும் ஈரமில்ல, வானத்துல மேகமில்ல, அதனால பகல்ல வாங்கின சூட்ட பூமி பிடிச்சு வச்சுக்க முடியாம விட்டுருது. மார்கழிப் பனிக்கே மப்ளர் கட்டுற நம்ம ஊர்ப் புள்ளைக இந்தக் குளிரப் பாத்ததேயில்ல. ஒரே தடிமனான ஸ்வெட்டர் வேணாம், மெல்லிசா மூணு நாலு அடுக்கா போடுங்க, உங்களுக்கு எத்தன அடுக்கோ பாப்பாவுக்கு அதுக்கு மேல ஒண்ணு. வெளிய குல்லா, சாக்ஸ். தூங்கும்போது குல்லாவக் கழட்டிரணும், மூஞ்சி மேல போர்வை வரக் கூடாது.

இன்னொண்ணு, இத மறந்துராதீங்க. சில கேம்ப்ல குளிருக்கு கரி அடுப்பு கொண்டு வந்து டென்ட்டுக்குள்ள வைக்கவான்னு பிரியமாக் கேப்பாங்க. வேணவே வேணாம். மூடின டென்ட்டுக்குள்ள கரி கனிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும், அதுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, தூக்கத்துலயே ஆளக் கொன்னுரும். கேட்டா இன்னும் ரெண்டு ரஜாய் (தடிச்ச பஞ்சுப் போர்வை) கேளுங்க. என்னக் கேட்டா பாப்பா இருக்கறதால டென்ட்டே வேணாம், சாயங்காலம் மணல்மேட்டுல சூரியன் மறையறதப் பாத்துட்டு ஜெய்சால்மர் ஊருக்குள்ள ரூமுக்கு வந்துருங்க, 40 கிலோமீட்டர்தான். சாம் மணல்மேட்டுப் பக்கம் கேம்ப் நெறைய, ராத்திரி பாட்டுச் சத்தமும் ஜாஸ்தி. குரி கிராமத்துப் பக்கம் அமைதியா இருக்கும்.

வெயில் பிரச்சனையே இல்லன்னு இதுக்கு அர்த்தமில்ல. பெரிய லீவுல, அதாவது ஏப்ரல் மே மாசத்துல, இந்தத் திட்டத்த யாராச்சும் போட்டா நான் ஒத்துக்கவே மாட்டேன். ஜெய்சால்மருக்குப் போற வழிக்குப் பக்கத்துல பலோடின்னு ஒரு ஊர் இருக்கு, 2016 மே 19ல அங்க 51 டிகிரி பதிவாச்சு, இந்தியாவுலயே அதிகம். சின்னக் குழந்தைங்கறது பெரியவங்களோட குட்டி உருவம் இல்ல தங்கச்சி. எடைக்குத் தோல் பரப்பு அதிகம், அதனால வெளிச் சூட்ட வேகமா வாங்கும். வேர்வை கம்மியா சுரக்கும், அதனால சூட்ட வெளிய தள்ளுறது மெதுவு. தாகமெடுத்தாலும் விளையாட்டு மும்முரத்துல கேக்காது, பாப்பாவுக்குக் கேக்கவே தெரியாது. டிசம்பர்லயும் அங்க ஒரு ஏமாத்து இருக்கு: நம்ம ஊர்ல வேர்த்தா சட்டை நனையும், பாத்ததும் தண்ணி குடுப்போம். பாலைவனத்துக் காஞ்ச காத்துல வேர்வை வந்த வேகத்துல ஆவியாயிரும், சட்டை காஞ்சே இருக்கும், உடம்புலேர்ந்து தண்ணி போறது தெரியவே தெரியாது.

அதனால தாகத்த நம்பாதீங்க, கடிகாரத்த நம்புங்க. வெளிய சுத்தும்போது அரை மணிக்கு ஒருதரம் பெரியவனுக்கு நாலஞ்சு மடக்கு. பாப்பா தாய்ப்பால் குடிச்சா அடிக்கடி குடுங்க, நடுவுல தண்ணியும் குடுங்க. கணக்கு ஒண்ணுக்குப் போறதுலதான் இருக்கு, ஆறு மணி நேரமா டயப்பர் நனையல, அழுதா கண்ணீர் வரல, வாய் ஒட்டுது, கண்ணு குழிஞ்சிருக்கு, சோந்து சோந்து தூங்குதுன்னா ஆஸ்பத்திரிக்குப் போயிரணும். அந்தப் பக்கம் நிலத்தடித் தண்ணியில உப்பும் ஃப்ளோரைடும் அதிகம், குடிக்க, பால் கலக்க, பாட்டில் கழுவ எல்லாத்துக்குமே கேன் தண்ணி. கார்ல எப்பவும் ஒரு 20 லிட்டர் கேன் இருக்கட்டும், வண்டி நடுவழியில நின்னுட்டாலும் ஒரு நாள் தாங்கும்.

ஓஆர்எஸ் பாக்கெட் பத்தாவது எடுத்துக்கங்க. உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு பாக்கெட்ல எழுதியிருக்கணும். டெட்ரா பாக்கெட்ல இனிப்பா வித்த பானங்கள் ஓஆர்எஸ் இல்ல, அதுக மேல அந்தப் பேரப் போடக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டுருச்சு, பழைய சரக்கு எங்கயாச்சும் கெடந்தாலும் வாங்காதீங்க. பெரிய பாக்கெட்ட முழுசா ஒரு லிட்டர் தண்ணியில கரைக்கணும், ஒரு டம்ளருக்குக் கொஞ்சமா கொட்டிக் கலக்குற பழக்கம் நம்ம ஊர்ல நெறைய வீட்டுல இருக்கு, அது ஆபத்து, உப்பு ஏறிரும். கலந்தத 24 மணி நேரத்துக்குள்ள குடிக்கணும். வயித்தால போனா ஒவ்வொரு தரத்துக்கும் பாப்பாவுக்கு 50லேர்ந்து 100 மில்லி, பெரியவனுக்கு 100லேர்ந்து 200 மில்லி, ஸ்பூனால மெதுவா. கூடவே ஜிங்க் 20 மில்லிகிராம், தினம் ஒருதரம், 14 நாள். பேதி நின்னாலும் 14 நாளும் முடிக்கணும்.

நேரம் எப்படிப் பிரிக்கறதுன்னு உங்க வீட்டுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. தைப்பூசத்துக்கு பழனிக்குக் காவடியோட நடந்து போறவுக என்ன பண்றாக, விடியறதுக்கு முன்னாடி கிளம்பி, வெயில் ஏறினா நெழல்ல உக்காந்து, சாயங்காலம் மறுபடி நடக்குறாகள்ல, அதே முறைதான். காலைல கோட்டை, பட்வா ஹவேலி. பதினோரு மணிக்கு மேல ரூம், சாப்பாடு, தூக்கம். நாலு மணிக்கு மேல மணல். அந்த ஹவேலிகளப் பாத்தா அப்பத்தா அசந்துருவாக, நம்ம செட்டிநாட்டு வீடு மாதிரி அதுவும் யாவாரம் பண்ணி சம்பாதிச்சவங்க கட்டின வீடுதான், நடுவுல முற்றம், தடிச்ச சுவரு, வெயில உள்ள விடாத கட்டுமானம். கடிசர் ஏரியும் நம்ம ஊருணி மாதிரி மழைத்தண்ணியச் சேத்து வச்சதுதான். புள்ளைகளுக்கு இதெல்லாம் காட்டுங்க, ஒட்டகத்த மட்டும் காட்டிட்டு வராதீங்க.

ஒட்டகம்னதும் ஞாபகம் வருது. பாப்பாவ ஒட்டகத்து மேல ஏத்தாதீங்க, மடியில வச்சுக்கிட்டும் வேணாம். ஒட்டகம் பின்னங்கால மொதல்ல தூக்கித்தான் எந்திரிக்கும், அந்த நொடியில உக்காந்திருக்கவங்க முன்னாடி சாஞ்சிருவாங்க, கைய விட்டா தலைகுப்புற விழணும். பெரியவன் அப்பாவுக்கு முன்னால உக்காந்து பத்து நிமிஷம் போகட்டும். மணல்மேட்டுல ஜீப்ப ஏத்தி இறக்குற சவாரி ரெண்டு பேருக்குமே கூடாது. எங்க வீட்டுப் புள்ளைகளோட நான் போனப்ப டிரைவர் மெதுவாத்தான் போவேன்னு சொன்னதக் கேட்டு ஏறிட்டோம், மூணாவது மேட்டுலயே பேத்தி நெத்தி முன்கம்பியில இடிச்சு மூணு தையல். அன்னைக்கு ஏன் சம்மதிச்சேன்னு இப்பவும் மனசு அறுக்குது.

காருக்கு வருவோம். பாப்பாவோட சீட்ட நீங்களே ரயில்ல எடுத்துட்டுப் போங்க, வாடகைக் கார்ல இருக்காது. ரெண்டு வயசு வரைக்குமாவது பின்னாடி பாத்த மாதிரி பின் சீட்ல மாட்டணும். தடிச்ச ஜாக்கெட்டோட பெல்ட் போட்டா பெல்ட் தளர்ந்துதான் நிக்கும், ஜாக்கெட்டக் கழட்டிட்டு பெல்ட் போட்டு மேல போர்வை போத்துங்க. மடியில வச்சுக்கறது பாதுகாப்புன்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க, 60 கிலோமீட்டர் வேகத்துல வண்டி சடார்னு நின்னா எந்தத் தாயாலயும் பிடிச்சு நிறுத்த முடியாது. 14 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு பெல்ட்டோ சீட்டோ இல்லன்னா 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி 1,000 ரூபா அபராதமும் உண்டு. டீ குடிக்க இறங்கும்போது தூங்குதேன்னு புள்ளைய உள்ள விட்டுட்டு இறங்காதீங்க, ஒரு நிமிஷம்கூட. வெயில்ல மூடி நிக்குற வண்டிக்குள்ள பத்து நிமிஷத்துலயே பத்து டிகிரி ஏறிரும், கண்ணாடியக் கொஞ்சம் இறக்கி விட்டாலும் பெருசா குறையாது.

பெரியவனுக்கு வண்டியில வாந்தி வருமா? வரும்னா கிளம்பறதுக்கு முன்னாடி வயிறு முட்டக் குடுக்காதீங்க, காலி வயித்தோடயும் ஏத்தாதீங்க, ரெண்டு இட்லி போதும். ஓடுற வண்டியில செல்போனக் கையில குடுக்கக் கூடாது. பலகாரம் சீப்புச்சீடையும் மாவுருண்டையும் கெடாம நிக்கும், ஆனா சீடை பாப்பா கைக்கு எட்டக் கூடாது, புரையேறிரும்.

காலைல செருப்பு ஷூவ உதறிட்டுத்தான் போடணும், தேளும் சுருட்டை விரியனும் அங்க உண்டு. தேள் கொட்டினா மந்திரம் மூலிகைன்னு நேரம் போக்காம நேரா ஆஸ்பத்திரி. 108 அங்கயும் வேலை செய்யும், ஹைவேயில 1033.

ஒரு யோசனை, கிளம்பறதுக்கு முன்னாடி சனி ஞாயிறுல தேரிக்காட்டுக்குப் போயிட்டு வாங்க. ராமநாதபுரம், தூத்துக்குடி வழியா திருச்செந்தூர் பக்கம், ஏறக்குறைய 250 கிலோமீட்டர். குதிரைமொழித் தேரியில இரும்புச் சத்து படிஞ்சு செக்கச் செவேல்னு இருக்குற மணல்மேடு, பனைமரம், நடுவுல அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில், சுனை. பாப்பா சீட்ல எவ்வளவு நேரம் தாங்குது, மணல்ல எப்ப சிணுங்குது, நீங்க எத்தன தரம் நிறுத்துறீங்கன்னு எல்லாம் அந்த ரெண்டு நாள்ல தெரிஞ்சிரும். அங்கயே முடியலன்னா ஜெய்சால்மர ரெண்டு வருஷம் தள்ளிப் போடுங்க, பாப்பாவுக்கும் அப்பத்தான் ஞாபகம் நிக்கும்.

அப்பத்தாவோட பிரஷர், சுகர் மாத்திரை பத்து நாளைக்குக் கூடுதலா, ரெண்டு பையில பிரிச்சு. ரெண்டு வாரம் முன்னாடி புள்ளைகளத் தடுப்பூசி அட்டையோட உங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி எடை போட்டு, பாராசிட்டமால் எத்தன மில்லின்னு ரெண்டு பேருக்கும் தனித்தனியா எழுதி வாங்கிக்கங்க, அந்தச் சீட்ட மருந்துப் பெட்டி மூடியிலயே ஒட்டிருங்க.