இரண்டரை மணிக்கு யார் போவது?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் அருகே வசிக்கிறோம். மகன் கம்யூனிட்டி காலேஜில் படிக்கிறான். இரண்டு ஆண்டில் பொறியியல் படிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும். பாடங்களை அளக்கும் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர், ஆண்டுக்கு 30 யூனிட், ஆக 1,380 டாலர் என்று ஒதுக்கினோம். அவனோ இந்தப் பருவத்தில் 9 யூனிட்தான் எடுத்திருக்கிறான். பொறுப்பே இல்லை. தினமும் இரண்டரை மணிக்குத் தங்கையைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து, நாங்கள் வரும்வரை பார்த்துக்கொள்வான். அதைத் தவிர எதிலும் அக்கறை கிடையாது. செலவை எப்படித் திட்டமிடுவது?
- ஒரு தாய்

பதில்: சகோதரி, 46ஐ 30ஆல் பெருக்கினால் 1,380 வரத்தான் செய்யும். அது கட்டணம் மட்டும். புத்தகம், பெட்ரோல், கார் நிறுத்தக் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்ந்ததுதான் படிப்புச் செலவு. அதைக் கணக்கிட்டுக் காட்டும் வசதி கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கிறது. இன்றிரவே உட்கார்ந்து பாருங்கள். நான் அந்த இரண்டரை மணி விஷயத்துக்கு வருகிறேன்.

தினமும் பிற்பகல் முழுவதும் வீட்டில் கட்டுண்ட பையன் எந்த வகுப்பில் சேர்வான்? இயற்பியல் ஆய்வகம் பிற்பகலில் இருந்தால் அவனுக்கு அது இல்லை. கால்குலஸ் முதல் பாகத்தை முடிக்காமல் இரண்டாவதில் உட்கார முடியாது. ஒன்று தவறினால் பின்னால் வருவதெல்லாம் தள்ளிப்போகும். மாறுவதற்கு 60 யூனிட் வேண்டும். பருவத்துக்கு 15 எடுத்தால் நான்கு பருவம். 9 எடுத்தால் ஏழு. ஒன்றரை ஆண்டு தாமதமாக வேலைக்குப் போவதால் அவன் இழக்கும் சம்பளத்தை உங்கள் கணக்கில் எங்கே எழுதியிருக்கிறீர்கள்?

இன்னொன்று. 12 யூனிட்டுக்குக் குறைந்தால் அவன் முழுநேர மாணவன் அல்ல. மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பம் போட்டு, திருப்பிக் கட்ட வேண்டாத பெல் உதவித்தொகை கிடைத்தாலும், 9 யூனிட்டுக்கு முக்கால் பங்குதான். வருமானம் பார்க்காமல் முதல் இரண்டு ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் கல்லூரிகளும் பெரும்பாலும் முழுநேர மாணவர்களுக்கே செய்கின்றன.

மகளைப் பார்த்துக்கொள்ளக் காப்பகத்துக்குக் கொடுக்காமல் நீங்கள் மிச்சம் பிடித்த பணம் மகனின் படிப்பிலிருந்து எடுத்தது. ஒரு நாளும் தவறாமல் போய் நிற்கிறவனைப் பொறுப்பில்லாதவன் என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? தங்கையைப் பார்த்துக்கொள்வது அண்ணனின் கடமை என்பதை நான் மறுக்கவில்லை. தம்பிகளை இடுப்பில் சுமந்துதான் நானும் வளர்ந்தேன். ஆனால் பெற்றவர்கள் சுமக்க வேண்டியதைத் தலைச்சன் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டு, அவன் மெதுவாக நடக்கிறான் என்று ஊருக்குச் சொல்வது அநியாயம்.

அடுத்த பருவத்துக்குப் பதிவு தொடங்குவதற்குள் மகளைப் பள்ளி முடிந்தபின் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் சேருங்கள். அந்தக் கட்டணத்தை மகனின் படிப்புச் செலவில் முதல் வரியாக எழுதுங்கள். அதற்குக் கையில் இல்லையென்றால், வாரத்தில் இரண்டு நாளாவது நீங்களோ உங்கள் கணவரோ இரண்டரைக்குப் போங்கள். ஓர் ஆய்வக வகுப்பு அதில் அடங்கிவிடும்.

பிறகு அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: பிற்பகல் உனக்கே இருந்தால் எந்தெந்த வகுப்பு எடுப்பாய்? யோசிக்காமல் சொல்வான் என்று நினைக்கிறேன்.