பிசுக்கேறிய பழைய ரிவால்வர், இறுகிப்போன திருகாணிகள்: கேள்வி பதில்

கேள்வி: குடும்பச் சொத்தாக வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி ரிவால்வர் (உரிமம் உள்ளது) பல்லாண்டுகள் அலமாரியில் கிடந்தது. ஆறு அறைகளும் காலி. ஆனால் உருளை தேனுக்குள் கிடப்பதுபோல் நகர்கிறது. துருவா?

பதில்: அறைகள் காலி என்பதை வேலை தொடங்கும்முன் மீண்டும் ஒருமுறை பாருங்கள். உருளை நகர்கிறது என்பதால் பெரும்பாலும் அது துருவன்று, காய்ந்து பிசினாகிவிட்ட பழைய எண்ணெய். மரக் கைப்பிடிப் பட்டைகளைக் கழற்றுங்கள். அவை வராவிட்டால் வெளியிலிருந்து நெம்பாமல், திருகாணியைச் சில சுற்றுகள் தளர்த்தி அதன் தலையை மெல்லத் தட்டினால் எதிர்ப்பக்கப் பட்டை தானே விலகும். பிறகு உலோகப் பகுதி முழுவதையும் மண்ணெண்ணெயில் ஓரிரு நாள் ஊறவிட்டு, நைலான் தூரிகையால் தேயுங்கள். காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்யவேண்டும்.

கேள்வி: உட்பொறிகளை மூடியிருக்கும் பக்கத்தகட்டின் திருகாணி அசையவில்லை; பள்ளமும் சிதையத் தொடங்கிவிட்டது.

பதில்: குற்றம் பெரும்பாலும் திருப்புளியுடையது. கடைகளில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளியின் முனை ஆப்புப்போலச் சரிந்திருப்பதால், அது பள்ளத்தின் மேல்விளிம்பை மட்டுமே பற்றி, விசை கூடியதும் மேலேறி வழுக்கிவிடுகிறது. இருபக்கமும் இணையாக, பள்ளத்தின் அகலத்தையும் நீளத்தையும் நிரப்பும்படி அரமிட்டுத் தீட்டிய முனைதான் வேண்டும். ஊடுருவும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு காத்திருங்கள். மறுநாள் திருப்புளியைப் பள்ளத்தில் நேராக நிறுத்தி, அதன் தலையில் சிறு சுத்தியலால் சில தட்டுகள் தட்டி, முதலில் இறுக்கும் திசையில் இம்மியளவு, பிறகு தளர்த்தும் திசையில் திருப்புங்கள். அதற்கும் இணங்காவிட்டால், எண்ணெயை நன்கு துடைத்தபின், ஈயப் பற்றவைப்புக் கோலின் (சால்டரிங் அயர்ன்) சூடான முனையைத் திருகாணித் தலையில் மட்டும் சிறிது நேரம் வையுங்கள். தீச்சுடர் கூடவே கூடாது. பதப்படுத்திய எஃகின் உறுதி போய்விடும். கழற்றிய திருகாணிகளை ஓர் அட்டையில் துளையிட்டு, அவை இருந்த வரிசையிலேயே குத்திவையுங்கள். தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும், உருளைத்தாங்கியைப் பிடிக்கும் முன்திருகாணி அதன் இடத்திற்கென்றே பொருத்தப்பட்டது.

கேள்வி: திருகாணிகள் வந்துவிட்டன, தகடு வரவில்லை. கத்திமுனையால் நெம்பலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த விளிம்பு ஒருமுறை வளைந்தால் பிறகு மயிரிழை இடைவெளியின்றிப் பொருந்தாது. தகடு மேலே இருக்கும்படி பிடித்து, கைப்பிடிச் சட்டத்தைச் சுத்தியலின் மரப்பிடியால் தட்டிக்கொண்டே இருங்கள்; அதிர்விலேயே எழும்பும்.

கேள்வி: வெற்றுக்கூடுகளை வெளியே தள்ளும் வெளியேற்றித் தண்டை எந்தப் பக்கம் திருப்பவேண்டும்?

பதில்: விக்டரி 1942 முதல் 1945 வரை செய்யப்பட்டது, அதில் வழக்கமான வலப்புரி மரைதான், இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். 1960 வாக்கில் அந்நிறுவனம் இடப்புரி மரைக்கு மாறியது. இதை அறியாமல் தண்டை முறுக்கி ஒடித்தவர்கள் பலர். வெற்றுத் தோட்டாக்கூடுகளை அறைகளில் இட்டபின் திருப்பினால், வெளியேற்றியின் நட்சத்திர வடிவத் தலை திரிபடாது.

கேள்வி: துருப்புள்ளிகளுக்கு வினிகர்?

பதில்: துருவோடு ரிவால்வரின் சாம்பல்நிறப் பாஸ்பேட் பூச்சையும் தின்றுவிடும். எண்ணெய் தோய்த்த வெண்கல இழையால் மெதுவாகத் தேயுங்கள்.

கேள்வி: இறுதியில் எவ்வளவு எண்ணெய்?

பதில்: உராயும் இடங்களுக்குத் தலா ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய். சமையல் எண்ணெய் விட்டால் அடுத்த பிசினுக்கு நீங்களே விதை போடுகிறீர்கள்.