சாட்டனூகா போன்ற சிறிய நகரத்தைத் தொழில் நிறுவனங்கள் ஏன் நாடுகின்றன?

சுருக்கமாகச் சொன்னால், நகராட்சியின் மின்வாரியம்தான் முக்கியக் காரணம்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், டென்னசி ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊர் ரயில் சந்திப்பாகவும் வார்ப்பாலைகளாலும் வளர்ந்தது. கோகோ-கோலாவைப் பாட்டிலில் அடைத்து விற்கும் உரிமையை 1899இல் வாங்கியவர்கள் இவ்வூர் வழக்கறிஞர்கள். ஆனால் ஆலைப்புகை மிஞ்சி, 1969இல் நாட்டிலேயே மிக மாசடைந்த காற்றுள்ள நகரம் என்ற பெயர் வந்தது. பிறகு பல ஆலைகளும் மூடப்பட்டன.

திருப்பத்தைத் தந்தது ஈ.பி.பி. என்னும் நகராட்சி மின்வாரியம். மின்கம்பியில் பழுது வந்தால் தானியங்கி சுவிட்சுகள் அந்தப் பகுதியை மட்டும் துண்டித்து, மற்றவர்களுக்கு வேறு வழியில் மின்சாரம் தர வேண்டும். அந்தச் சுவிட்சுகள் தங்களுக்குள் தகவல் பரிமாற, ஒளி வழியே தகவல் அனுப்பும் கண்ணாடி இழைக் கம்பி பதித்தார்கள். கூட்டரசு சுமார் 11 கோடி டாலர் மானியம் கொடுத்தது. அதே கம்பியில் 2010இல் வினாடிக்கு ஒரு ஜிகாபிட் இணையத்தைத் தன் எல்லைக்குள் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அன்று அமெரிக்கப் பெருநகரங்களிலும் இப்படி இல்லை!

இங்குள்ள ஃபோக்ஸ்வாகன் கார் ஆலையையும் இந்த இணையத்தால் வந்த நிறுவனங்களின் கணக்கில் சேர்ப்பது தவறு. இங்கே ஆலை அமைக்கும் முடிவு 2008லேயே வந்துவிட்டது. இணையத்தின் பலன் மென்பொருள், சரக்குப் போக்குவரத்துச் சேவை போன்ற சிறு நிறுவனங்களில்தான் தெரிகிறது. எனக்கு வருத்தம் ஒன்றுதான்: மாநிலச் சட்டம் தடுப்பதால், மின்வாரிய எல்லைக்கு வெளியே உள்ள பக்கத்துக் கிராமங்களுக்கு இந்த இணையம் போகவில்லை.