பெட்ரோமாக்ஸ் சுமந்தவரின் தோடி

வணக்கம் ஐயா,

நண்பர்கள் சிலர் சேர்ந்து வடசென்னையில் ஒரு மீனவர் குப்பத்தில் கர்நாடக இசைக் கச்சேரி வைக்கிறோம். மக்களுக்குப் புரியவேண்டுமே என்று, பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையைத் தவிர்த்து, ஒரு மணி நேரமாகச் சுருக்கி, ராகத்துக்கு ஒரு சினிமாப் பாட்டை உதாரணம் சொல்லலாம் என்றிருக்கிறோம். வாய்ப்பாட்டு வைப்பதா, வீணையா? அனுமதி, மைக் செட் பற்றியும் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அனுமதியை ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கேளுங்கள். வருஷா வருஷம் அம்மன் திருவிழா நடத்துகிறவர்களுக்கு நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்பது அந்தப் ‘புரியவேண்டுமே’தான். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிற சபா ரசிகருக்கு எல்லாம் புரிந்துவிட்டதா?

எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். சாமி புறப்பாட்டில் முதலில் வாசிக்கும் மல்லாரி முடிந்து, மேலவீதி முனையில் சாமி நின்றதும் தோடி ராகம் ஆரம்பிக்கும். நாயனக்காரர் நடுவில் நிறுத்தி, நாதஸ்வரத்தில் ஊதும் முனையான சீவாளியைக் கழற்றி, வாயில் வைத்து ஈரமாக்கி, விரலால் அழுத்திப் பார்த்துச் செருகுவார். அதுவரை தெருவில் ஒரு இருமல் கேட்காது. என் பக்கத்தில் பெட்ரோமாக்ஸைத் தலையில் சுமந்தபடி ஒருவர். தலையை ஆட்டினால் விளக்கு ஆடும். கண்ணை மூடி நிற்பார்; பல்லவி வந்ததும் கால் கட்டைவிரல் மட்டும் மண்ணில் தாளம் போடும். நான் கொட்டாவி விட்டால், "தூங்கிடாதீங்க தம்பி, இனிமேதான் தோடியே இருக்கு" என்பார். அவருக்கு எந்தச் சினிமாப் பாட்டைச் சொல்லி யார் விளக்கினார்கள்?

ஆனால் அந்தச் சாமி அவர் தெருவுக்குள் போகாது. விளக்கைச் சுமந்து வந்ததால் அவருக்குத் தோடி கிடைத்தது. வெறுங்கையோடு வந்து நின்றிருந்தால் விரட்டியிருப்போம். நாங்கள்தான், வேறு யார்? சாமி போகாத தெருவுக்கு நீங்கள் போகிறீர்கள், அதற்காக உங்களைக் கும்பிடுகிறேன். போகிறபோது பாதித் தோடியைக் கொண்டுபோகாதீர்கள். ஆலாபனையை வெட்டுவதற்குப் பதில் கச்சேரியே வைக்காமல் இருக்கலாம்.

2015இல் சென்னையின் ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவர் குப்பத்தில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் கலை விழா தொடங்கியபோது எழுந்த சண்டையெல்லாம் இப்போது வேண்டாம். அங்கே கர்நாடக இசையோடு பறையும் வில்லுப்பாட்டும் ஒலித்தன. உங்கள் கடிதத்தில் குப்பத்துக்காரர் யாரும் மேடையேறுவதாகத் தெரியவில்லையே, ஏன்?

அப்புறம், வாய்ப்பாட்டா வீணையா என்று கேட்டிருந்தீர்கள். நாயனம் வையுங்கள். கடல் இரைச்சலில் வீணை எடுபடாது. நாயனத்துக்கு மைக் செட்டும் வேண்டாம். அந்தக் காசையும் சேர்த்து நாயனக்காரருக்கும் தவில்காரருக்கும் முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள்.