அப்பாவின் காது மிஷின் பேட்டரி நாலே நாளில் தீர்ந்துவிடுகிறது. எந்த பேட்டரி வாங்குவது, எப்படிப் பார்த்துக்கொள்வது?

அப்பாவுக்குக் காதுக்குப் பின்னால் மாட்டும் பெரிய மிஷின், பேட்டரி வாங்குவது தெருமுனை வாட்ச் கடையில் என்றும் எழுதியிருந்தீர்கள். வாங்கும் இடத்தில்தான் கோளாறு என்று தோன்றுகிறது.

வாட்ச் கடையில் தருவது பெரும்பாலும் எல்ஆர்44 என்ற அல்கலைன் செல். காது மிஷினுக்கான 675 என்ற எண் கொண்ட பேட்டரியும் அதே அளவுதான், 11.6 மி.மீ. அகலம், 5.4 மி.மீ. உயரம். அதனால் உள்ளே கச்சிதமாக உட்காரும், சத்தமும் வரும். ஆனால் எல்ஆர்44-இல் தேங்கியிருக்கும் மின்சாரம் சுமார் 150 மில்லி ஆம்பியர் மணி. 675-இல் 600-க்கு மேல். நாலு நாளில் தீராமல் என்ன செய்யும்? விலை குறைவு என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை. 312 என்ற சின்ன சைஸ் காது மிஷின் பேட்டரிக்கும் எல்ஆர்41 என்று இதேபோல ஓர் இரட்டை இருக்கிறது.

காது மிஷின் பேட்டரி துத்தநாகமும் காற்றும் சேர்ந்து வேலை செய்யும் வகை. ஒரு பக்கம் ஊசிமுனை அளவு துளைகள் இருக்கும். அதன் வழியாக வெளிக்காற்றில் உள்ள ஆக்ஸிஜன் உள்ளே போய்த்தான் மின்சாரம் வருகிறது. ஆக்ஸிஜனை வெளியிலிருந்து எடுத்துக்கொள்வதால் உள்ளே முழுக்கத் துத்தநாகத்தை நிரப்பிவிடலாம். அந்தப் பொடி சைஸுக்கு அவ்வளவு சக்தி வருவது இப்படித்தான்.

வாங்கும்போது எண்ணையும் நிறத்தையும் பாருங்கள். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். அப்பாவுடையது எது என்று பழைய அட்டையிலோ மிஷினோடு வந்த புத்தகத்திலோ இருக்கும். பிராண்டைப் பற்றி ரொம்ப மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரயோவாக், பவர் ஒன், டியூராசெல் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. அதைவிட முக்கியம் அட்டையின் பின்னால் உள்ள தேதி. சின்ன ஊர்களில் வேகமாக விற்காத சைஸ் ரொம்ப நாள் கடையிலேயே கிடக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று மொத்தமாக வாங்கி அடுக்காமல், ஒரு நேரத்துக்கு இரண்டு மூன்று அட்டை வாங்கினால் போதும்.

அப்புறம், பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். துளைகளை அடைத்துவைத்திருப்பது அதுதான். உரித்த நிமிடமே உள்ளே வேலை ஆரம்பித்துவிடும், மிஷினில் போட்டாலும் போடாவிட்டாலும். திரும்ப ஒட்டிவைத்தாலும் பெரிய பலன் இல்லை. எங்கள் அத்தை (மாமியார்) நகத்தால் உரிக்க வரவில்லை என்று, நான் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து ஓர் அட்டையின் ஆறு பேட்டரிக்கும் சேர்த்து ஸ்டிக்கரை உரிக்கச் சொல்லி டப்பாவில் போட்டுக்கொள்வார். மாதக் கடைசியில் எடுத்தால் எல்லாமே செத்துக் கிடக்கும். இப்போது ஒன்று தீர்ந்தால்தான் அடுத்ததை உரிப்பது. உரித்தவுடன் உள்ளே போட்டு மூடாமல், துளை மேலே பார்க்க ஐந்து நிமிடம் மேசையில் வைத்துவிட்டுப் போடுங்கள். காற்று நன்றாக உள்ளே போய் வோல்டேஜ் ஏறட்டும். விரலில் தேங்காய் எண்ணெயோ விபூதியோ இருந்தால் துடைத்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள். அந்தத் துளை அடைபட அவ்வளவே போதும்.

உரித்த ஸ்டிக்கரை அத்தை காலண்டரில் அன்றைய தேதியில் ஒட்டுகிறார். எத்தனை நாள் ஓடியது என்று பார்த்தாலே தெரியும். மாதக் காலண்டராக இருக்க வேண்டும். தினம் கிழிக்கிற காலண்டரில் ஒட்டினால் மறுநாள் காலையில் குப்பைக்குப் போய்விடும்!

சரியான 675 போட்டால் சாதாரணமாக 9 முதல் 20 நாள் வரை ஓடும். வால்யூம், எத்தனை மணி நேரம் மாட்டுகிறார், போனை மிஷினில் புளூடூத் வழியாகக் கேட்கிறாரா என்பதைப் பொறுத்து கூடும் குறையும். அதற்கும் முன்னாலேயே தீர்ந்தால் மிஷினை ஆடியாலஜிஸ்டிடம் (காது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) காட்டுங்கள்.

ராத்திரி கழற்றியதும் பேட்டரி மூடியைத் திறந்தே வையுங்கள். மிஷின் அணைந்துவிடும், உள்ளே கோத்திருக்கும் வியர்வை ஈரமும் உலரும். எங்களுடையது கடலோர ஊர். ஈரக்காற்றில் இந்தப் பேட்டரி தண்ணீரை உறிஞ்சி லேசாக உப்பும், சில சமயம் மூடியைத் திறப்பதே பாடாகிவிடும். ரொம்ப வறண்ட காற்று பட்டாலும் ஆகாது, உள்ளே இருக்கிற ஈரம் காய்ந்துபோகும். ஆகவே மிஷினைச் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைப்பதாக இருந்தால் பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு வையுங்கள். புது அட்டையை ஃபிரிட்ஜில் வைத்தால் அதிக நாள் வரும் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். வெளியே எடுக்கும்போது தண்ணீர் பூக்கும். அலமாரியே போதும்.

இன்னொரு குணம்: டார்ச் லைட் மாதிரி மெல்ல மங்கி இது எச்சரிக்காது. கடைசி வரை ஒரே சீராக ஓடி, மிஷின் இரண்டு தடவை பீப் சத்தம் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கல்யாண மண்டபத்தில் நின்றால் அன்றைக்கு முழுக்கத் தலையாட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். சட்டைப்பையில் ஒன்று எப்போதும் இருக்கட்டும், சில்லறையோடும் சாவியோடும் சேராமல், அட்டையிலேயே.

விரல் நடுங்குகிறவர்களுக்குச் சார்ஜ் போடும் மாடல் நல்லது, ஆனால் இருக்கிற மிஷினைத் தூக்கிப் போட்டுவிட்டு அதற்குப் போகச் சொல்ல மாட்டேன். மிஷினோடு வரும் சின்ன பிரஷின் அடியில் பெரும்பாலும் ஒரு காந்தம் இருக்கும். பேட்டரியை வெளியே எடுக்க அதுவே போதும்.

தீர்ந்த பேட்டரியை மாத்திரை டப்பா பக்கத்தில் வைக்க விடாதீர்கள். வயதானவர்கள் மாத்திரை என்று நினைத்து விழுங்கிவிடுவது நடக்கிற விஷயம். பேரப்பிள்ளைகள் கைக்கும் எட்டக் கூடாது. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், அது உணவுக்குழாயில் சிக்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். காலி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள், எந்த பேட்டரி என்று டாக்டர் கேட்பார்.