கயிற்றை இழுத்தால் மட்டும் கார்செட் ஆகிவிடாது

கேள்வி: சாட்டின் துணியில், பிளாஸ்டிக் பட்டை வைத்து, இடுப்பை ஒடுக்கிக் காட்டக் கயிற்றால் கட்டும் கார்செட் தைத்தேன். கட்டினால் துணி சுருங்குகிறது, பட்டை இடுப்பில் மடங்குகிறது. இன்னும் இறுக்கிக் கட்டலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இடுப்பின் வடிவம் கட்டிங்கிலேயே வந்துவிட வேண்டும், கயிறு அதை உடம்போடு பிடித்து வைக்க மட்டும்தான். சாட்டின் தனியாக அந்த இழுப்பைத் தாங்காது. உள்ளே ‘கூட்டில்’ (coutil) என்ற துணியைக் கொடுங்கள்; இழுத்தாலும் நீளாதபடி நெருக்கி நெய்த பருத்தித் துணி அது, கார்செட்டுக்கென்றே வருவது. இடுப்புக்கு நேராக உள்பக்கம் ஒரு கெட்டி நாடாவைச் சுற்றிலும் வைத்துத் தைத்துவிட்டால் பாரத்தின் பெரும்பகுதியை அது வாங்கிக்கொள்ளும். மலிவான பிளாஸ்டிக் பட்டை உடம்புச் சூட்டிலேயே வளைந்து அப்படியே நின்றுவிடும், அதனால் வளைவான தையல்களுக்கு எல்லாப் பக்கமும் வளையும் ஸ்பைரல் ஸ்டீல் (சுருள் கம்பிப் பட்டை) வையுங்கள், கயிறு கோக்கும் ஓட்டைகளான ஐலெட் வரிசையின் இரு பக்கமும் தட்டை ஸ்டீல். முனைகளுக்கு மூடி போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

அப்புறம், கட்டியபின் முதுகுப்பக்கம் பாருங்கள். கயிறு கட்டும் இரு ஓரங்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருந்தால் சரி. கீழே மட்டும் அகன்றால் இடுப்புக்குக் கீழே துணி போதவில்லை என்று அர்த்தம், எவ்வளவு இழுத்தாலும் அது சரியாகாது.

கேள்வி: அந்தக் காலத்தில் திமிங்கல எலும்பு வைத்தார்களாமே, விலா எலும்பைக்கூட எடுத்துவிட்டார்களாமே?

பதில்: திமிங்கல எலும்பு விஷயம் பாதிதான் உண்மை. பெயர்தான் எலும்பு, திமிங்கலம் இரையை வடிகட்ட வாயில் வைத்திருக்கும் தகடு அது, நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். சூடாக்கினால் இளகும், ஆறியதும் கொடுத்த வடிவத்தில் நிற்கும். விலா எலும்புக் கதைக்கு நம்பும்படியான மருத்துவப் பதிவே கிடையாது. பழைய படங்களில் இடுப்பு அவ்வளவு ஒல்லியாகத் தெரிவதற்கு மேலும் கீழும் வைத்த பஞ்சும், போட்டோவில் செய்த திருத்தமும் பெரிய காரணம்.

கேள்வி: கார்செட்டை ஒழித்தவர் பால் புவாரேவா?

பதில்: அந்த பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். முதல் உலகப்போரில் வேலைக்குப் போன பெண்களுக்கும் ரப்பர் கர்டிலுக்கும் (இடுப்பைப் பிடிக்கும் நீளும் உள்ளாடை) அதில் பெரிய பங்கு உண்டு. ஒழியவும் இல்லை: 1947-இல் வடிவமைப்பாளர் டியோர் ஒடுங்கிய இடுப்பைத் திரும்பக் கொண்டுவந்தார், 1987-இல் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் கார்செட்டை மேலுடையாகவே மேடையேற்றினார். அவருடையதில் நீளும் துணியும் முதுகில் ஜிப்பும் உண்டு, கயிறு கட்டிவிட ஆள் தேட வேண்டியதில்லை.